நாணயச் சோதனை

ஓலமோட்ஸ் நகரில்
பனி பெய்யும் வியாழன் இரவு.
நிலவறையில்
ஒற்றைக் கொருனா நாணயத்தைக்
குட்டித் தண்டவாளத்தின் குறுக்கே வைக்கிறாள் க்வியேதா.

நிலையத்தருகே: டிக். பிரேக்கர் விழுந்தது.
பாலத்தின்மேல்: டிக்.
சுரங்கத்துக்குள், கடைசி வளைவில்
ஒன்றுமில்லை.
நாணயம் மட்டும் சுடுகிறது.
விரலை உதறிக்கொண்டு திட்டுகிறாள்
மலிவுக் கம்பி வாங்கிவந்த ரதோவானை.

போன மாதம் இங்கேதான்
அவளுடைய பச்சை எஞ்சின் தடம் புரண்டது.
ஷார்ட் ஆனதில் சாகவில்லை அது.
ரதோவான் பதறித் தூக்கினானே,
அந்த நொடியில்
நெடுங்கம்பிக்குள் ஓடிய மின்சாரம்
போக்கிடமின்றி எகிறி
நகக்கண் அளவு டிகோடரைக் கருக்கியது.
பிடியில் அல்ல,
விடுகையில் போயிற்று உயிர்.

இன்று தடித்த செம்புக் கம்பி,
இரண்டையும் பின்னி முறுக்கி.
கடைக்கோடியில் ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி,
துள்ளி வருவதை ஏந்திக்கொள்ள.

மறுபடி நாணயம்.

டிக்.

"இன்னும் கோபமா?"
மேசைக்கு அடியிலிருந்து ரதோவானின் குரல்.
"டிகோடர் தொள்ளாயிரம் கொருனா" என்கிறாள்.
தூசித்தலையோடு எழுந்து வருகிறான்.
வளைவிலிருந்த நாணயத்தை எடுத்து
அவள் உள்ளங்கையில் வைக்கிறான்,
முதல் தவணை என்று.

சுடவில்லை.