பதினைந்து தாள்கள்

லோட்டாவில் நாலு நாளாக மழை.
நகராட்சியின் சிறுதொழில் நிதிக்கு
நூற்றுப் பன்னிரண்டு மனுக்கள்;
பணமோ பத்தொன்பது பேருக்கு.
கோடு கிழித்தது நான்தான்.

சாவி வெட்டும் இயந்திரம் கேட்ட நிபால்தோ
கோட்டுக்கு மேலே.
ரொட்டி சுட ஒரு பழைய அடுப்பு கேட்ட
ஓர்ஃபெலினா சாயெஸ்
கோட்டுக்குக் கீழே, அரை மதிப்பெண்ணில்.

சண்டைக்கு வருவாள் என்று
பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.
வந்தவள் குடையை வாசலிலேயே சாய்த்துவிட்டு,
"என் காகிதமெல்லாம் திருப்பித் தாங்க.
கொரோனெல்லயும் ஏதோ குடுக்கறாங்களாம்.
மறுபடி நகலெடுக்கக் காசில்ல" என்றாள்.

எல்லாத் தாளிலும்
'நிராகரிக்கப்பட்டது'.
என் கையால், ஊதா மையில், அழுத்தமாக.

நாளைக்கு வாங்க என்றேன்.

எல்லோரும் போனபின்
முத்திரைகளின் மேல் வெள்ளைத் துண்டு ஒட்டி
பதினான்கு பக்கமும் நகலெடுத்தேன்.
மூன்றாம் பக்கத்தில்
'ரா' மட்டும் லேசாகத் தெரிந்தது.
கிழித்துப் போட்டு
இன்னொரு துண்டு, இன்னொரு தாள்.

சாந்தியாகோவுக்குப் போகும் அறிக்கையில்
பயனடைந்தோர்: பத்தொன்பது.
அலுவலகச் செலவு என்ற கட்டத்தில்
வெள்ளைத் தாள், பதினைந்து
என்று எழுதினேன்.
காரணம் கேட்கும் கட்டம்
அதில் இல்லை.