இறங்கின பஸ்ஸுக்கு

தாளில் அறுபதாயிரம்.
என் கைக்கு வந்தது ஐம்பத்து நாலாயிரத்து முந்நூறு.
மிச்சம் எங்கே போனது என்று
அன்றைக்கு நான் கேட்கவில்லை.
அன்றைக்கு எனக்கு ஒரு டீப் பிரீசர் வேண்டியிருந்தது.
சந்திவெளியில் வெயில் கொளுத்திக் கிடந்தது.
பள்ளிக்கூடம் விட்டால் இருநூறு பிள்ளைகள்
என் படலையைத் தாண்டித்தான் போகவேணும்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு
விமலாசினியக்காவின் தகரக் கொட்டிலில்
எட்டுப் பேர் கூடுவோம்.
கிழமைக்கு ஆயிரத்து ஐந்நூறு, ஐம்பத்திரண்டு கிழமை.
ஒருத்தி குறைந்தால் மற்ற ஏழு பேரும் போடவேணும்,
போடும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது.
உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தவளும்
பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளும்
என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்ப்பார்கள்.
அந்தப் பார்வைக்கு எத்தனை வீதம் என்று
கொப்பியில் இல்லை.

மாரி பிறந்தது.
ஆறு ஏறி ரோட்டில் படுத்தது.
பள்ளிக்கூடம் பன்னிரண்டு நாள் பூட்டு.
கரண்ட் பில் மட்டும்
நனையாமல் வந்து சேர்ந்தது.

ஓ.எல். கணிதத்தில் எனக்குச் சாதாரண சித்திதான்.
ஆனாலும் மகளின் கொப்பியில்
பின் ஒற்றையைத் திருப்பி
இருபத்தாறு கிழமையையும் கூட்டிப் பார்த்தேன்.
முதலில் அரைவாசி திரும்பிப் போயிருக்கிறது.
இருபத்தேழாம் கிழமையும்
அறுபதாயிரத்துக்கே வட்டி கேட்கிறார்கள்.
பிழை என்னுடையது என்று நினைத்து
மூன்று தரம் அழித்தேன்.
தாள்தான் கிழிந்தது.

மட்டக்களப்பு, திருமலை வீதி.
கண்ணாடிக் கதவுக்கு உள்ளே
என் பிரீசரை விடக் குளிர்.
"நூற்றுக்கு முப்பதுதான் அக்கா,
நீங்களே கையெழுத்து வச்சிருக்கிறீங்க."

ஓம், வச்சனான்.
இங்கிலீசில ஏழு பக்கம்,
நீங்க விரலால காட்டின இடமெல்லாம் வச்சனான்.
முப்பது எண்டு சொல்றீங்க,
நான் திருப்பித் தந்த காசுக்கும் சேத்தெல்லோ அறவிடுறீங்க?
சந்திவெளியில இறங்கினவளிட்ட
வாழைச்சேனை மட்டும் டிக்கட் காசு கேக்கிற
கண்டக்டர எங்கயும் கண்டிருக்கீங்களா?

காசு எண்ணிக்கொண்டிருந்த பெடியன்
எண்ணிக்கை தவறி
ஒன்றிலிருந்து தொடங்கினான்.

"சிஸ்டம் அப்படித்தான் அக்கா."
சிஸ்டத்துக்கு எந்த ஊர் என்று கேட்டேன்.
முகாமையாளர் போனை எடுத்துப் பார்த்தார்.

கடிதம் இரண்டு பிரதி கொண்டுபோயிருந்தேன்.
என்னுடையதில் ஒரு சீல் குத்தித் தாங்க.
"அதெல்லாம் தேவையில்ல."
என்ர கையெழுத்து ஏழு தேவையெண்டால்
உங்கட சீல் ஒண்டும் தேவைதான்.
நாற்பது நிமிசம் கதிரையை விட்டு எழும்பவில்லை.
எழும்பாமல் இருக்கப் பழக்கினது அவர்கள்தானே.
கடைசியில் தலைகீழாகக் குத்தினார்.
இருந்தாலும் திகதி தெரிகிறது.

அடுத்த புதன்,
ஆயிரத்து நூற்று ஐம்பத்து நாலு எண்ணி வைத்தேன்:
முதல் மட்டும்.
பதில் வந்த பிறகு வட்டியைக் கதைப்பம்.
"குறையோட எழுதேலாது," என்றான் கஜரூபன்.
விமலாசினியக்கா முழுக்காசையும் வைத்தாள்,
என்னோடு கதைக்கவில்லை.
அவளுக்கு அடுத்த லோன் வேணும், மகளுக்குக் கலியாணம்.
யோகராணி மட்டும்
"அந்தக் கொப்பிய ஒருக்காக் காட்டு" என்றாள்.
வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
காசை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி வெயில்.
சட்டை முதுகில் ஒட்ட
மோட்டார் சைக்கிளை என் படலையில் சாய்த்து
ஐஸ் பக்கற் ஒன்று கேட்டான் கஜரூபன்.
இருபது ரூபாய்.
நூறு தந்தான், எண்பதை எண்ணிக் கொடுத்தேன்.
கூடவே ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன்,
திகதி போட்டு, கையெழுத்தும் வைத்து.
"இதென்னக்கா?"
பற்றுச்சீட்டு.
பக்கற்றை ஒரு கையிலும்
துண்டை மறு கையிலும் பிடித்தபடி நின்றான்.
கெதியாக் குடி தம்பி, உருகுது.