பச்சைப் புள்ளி

பீரோவுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே
என் அலுவலகம்.
மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்குப் பின்தெரு.
மதியம் ஒன்றிலிருந்து இரவு பத்துவரை
ஒஹாயோவில் யாரோ முழங்கால் மாற்றிக்கொண்ட செலவை
எண்களாக்கிக் கொண்டிருப்பேன்.

திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி.
ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால்
மஞ்சளாகிவிடும்.
மஞ்சளானால் சென்னையில் நிவேதனுக்குத் தெரியும்.
கோபப்பட மாட்டார்.
"எல்லாம் ஓகேதானே?" என்பார்.
அதற்குத் திட்டினாலே தேவலை.

நேரத்தை ஆள்வது எப்படி என்று வகுப்பெடுத்ததும் அவர்தான்.
இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு.
செய்து பார்த்தேன்.
முதல் ஓய்வில் கொடித்துணி எடுத்தேன்.
அடுத்ததில் நண்டு கழுவினேன்.
அதற்கடுத்து தண்ணி லாரி வந்தது.
லாரிக்கு ஐந்து நிமிடம் தெரியாது,
பதினோரு குடம் தெரியும்.
ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தால்
புள்ளி பழுத்துக் கிடக்கிறது.

"வீட்லதானே இருக்க."
கேஸ்காரர் சொல்கிறார். கூரியர் பையன் சொல்கிறான்.
அடுத்த வீட்டு ஜெயமலர்
சாவியையும் ஊறவைத்த உளுந்தையும் பையனையும்
ஒரே மூச்சில் ஒப்படைத்துவிட்டுச் சொல்கிறாள்.
படகேறப் போகிற அவசரத்தில் லியோனும்.
சில நாள் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்,
தலை சீவினால் என்ன, சீவாவிட்டால் என்ன,
வீட்டில்தானே.

பிறகு தெருவைப் படிக்க ஆரம்பித்தேன்.
திங்கள், புதன், சனி விசைப்படகு கிளம்பும்.
டோக்கன் வாங்கி ஆண்கள் இறங்கிவிட்டால்
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருக்கும் தெரு.
சிக்கலான பில்லையெல்லாம் அந்த மதியங்களுக்கு ஒதுக்கினேன்.
படகு திரும்பும் நாளில் ஏலச் சத்தம்,
யாருக்கு யார் பாக்கி என்ற சத்தம்.
அன்றைக்கு இருமல், காய்ச்சல், தடுப்பூசி போதும்.
தடைக்கால அறுபத்தொரு நாளுக்கு மட்டும்
இன்னும் வழி பிடிபடவில்லை.
லியோன் அப்போது முழுநாளும் கட்டிலில் இருப்பான்.
அவனிடம் யாரும் சொல்வதில்லை
வீட்லதானே இருக்க என்று.

கம்பெனி அனுப்பிய அடையாள அட்டை
ஒரு வருஷமாய்ச் சேலைக்கடியில் கிடந்தது.
எடுத்துக் கழுத்தில் மாட்டினேன்.
நைட்டிமேல் நீல நாடா, நுனியில் என் படம்.
மாட்டியிருந்தால் ஆபீஸ், கழற்றினால் அம்மா.
டெல்சிக்குச் சொன்னேன். தெருவுக்கும் சொன்னேன்.
சிரித்தார்கள், இரண்டு வாரம்.
ஒருநாள் ஜெயமலர்
ஜன்னல்வழி முதலில் என் கழுத்தைப் பார்த்தாள்.
உளுந்தோடு திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நாடாவைக் காணோம்.
டெல்சி அதை ஆட்டுக்கு மாட்டியிருந்தாள்.
வாசலில் படுத்து அசைபோடுகிறது ஆடு,
தாடிக்குக் கீழே என் முகம்.
"அது வேலையா இருக்கும்மா, கூப்பிடாத."
யாரும் கூப்பிடவில்லை.
அந்த மாதிரி ஒருநாளும் நான் வேலை பார்த்ததில்லை,
பதறாமல்,
ஒரு வாய்க்கு ஒரு காரியமாக.

இரவு பத்துக்குப் புள்ளி சாம்பலாகிறது.
எந்தப் பட்டியலிலும் எழுதாமல்
ஒரு பத்து நிமிடம் வைத்திருக்கிறேன்.
நிவேதனுக்குத் தெரியாது. லியோனுக்கும்.
நாடாவைக் கழற்றாமல்
பின்கதவைத் திறந்து படியில் உட்காருவேன்.
கருவாட்டு வாடை, உப்புக் காற்று, தூரத்தில் ரயில்.
சில இரவு கைப்பேசி
இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
தங்கள் வரவு நல்வரவாகுக என்கிறது.
அங்கேயும் மணி பத்து ஐந்துதான்.

பாயில் புரண்டபடி டெல்சி கேட்கிறாள்,
"அம்மா, ஆபீஸா?"

ஆமா என்கிறேன்.