மூன்றாம் பூச்சு

நான் நிறம் பூசுகிறவள்.
ஒஸ்திராவா விளையாட்டரங்கில், நவம்பரில்,
உடைமாற்றும் அறைக்குப் பின்னால்
பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்
ஆளுக்கு மூன்று பூச்சு.
கையைத் தூக்கு என்பேன். திரும்பு என்பேன்.
வேறு பேச்சில்லை.

ராடிம் டிராம் ஓட்டுகிறவன்.
பதினாறு வாரம் உப்பில்லாக் கோழி தின்று
மேடைக்காகத் தன்னைச் செதுக்கி வைத்திருந்தான்.
வெள்ளி இரவு முதல் பூச்சு;
தோல் வாங்கிக்கொண்டது.
சனி விடியலில் இரண்டாவது;
தோல் சிகரெட் தாள்போலச் சரசரத்தது.

கடைசியாக எப்போது குடித்தாய் என்றேன்.
போத்தல் மூடியைக் காட்டினான்.
ஒரு மூடி. நேற்று.
நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும் சத்தம்
எனக்குக் கேட்டது.
வெளியே விடாமல் மழை.
கூடாரத்தின் ஓரத்தில் ஒழுகிய நீரை
அவன் பார்த்த பார்வையை
நான் பார்த்திருக்க வேண்டாம்.

பயிற்சியாளர் ஹினெக் வந்தான்.
தோலுக்கும் தசைக்கும் நடுவே
இன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்று
இடுப்பைக் கிள்ளிப் பார்த்தான்.
பையிலிருந்து ஒரு அட்டை. பிதுக்கினான். இரண்டு.
நடுவர்களுக்குத் தண்ணீர் காட்டப்போகிறோம் என்றான்,
சொட்டு மிச்சமில்லாத உடம்பை வைத்துக்கொண்டு.

அந்த அட்டையை எனக்குத் தெரியும்.
என் ஒல்ட்ரிஹ் காலையில் அரை மாத்திரை போடுகிறான்.
தளர்ந்த இதயம்;
காலில் விரல் வைத்தால் குழி விழுந்து
குழியாகவே நிற்கும்.
அவனுக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள்,
பொட்டாசியம் ஒரு புள்ளி இறங்கினால்
தொலைபேசி அலறுகிறது.
வீட்டில் தராசு, நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.
ராடிமுக்கு யார் கணக்கெழுதினார்கள்?
கண்ணாடி.

இதையெல்லாம் நான் அப்போது சொல்லவில்லை.
தூரிகையை நனைத்தேன்.
முன்பணம் வாங்கியிருந்தேன்.

மூன்றாம் பூச்சு, எண் அட்டை, மேடை.
தொடையில் நார் நாராக எழுந்தது தசை;
அரங்கமும் எழுந்தது.
கெண்டைக்கால் முடிச்சேறிப் பாறையானபோது
அதற்கும் கைதட்டினார்கள்.
சிரிப்பை அவன் பல்லால் பிடித்திருந்தான்.
விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக
அவனைக் கேட்காமல் உள்ளே மடங்கின.

திரைக்கு இந்தப்புறம் விழுந்தான்.
நாடியைப் பிடித்தேன்.
ஓடிற்று, நின்றது,
எந்தத் தடம் என்று யோசித்தது,
இரண்டு துடிப்பைச் சேர்த்துப் போட்டது.

களைப்புதான், சர்க்கரை கொடுங்கள் என்றான் ஹினெக்.
ஆம்புலன்ஸ் பெண் மண்டியிட்டாள்:
என்ன சாப்பிட்டான்?
சுற்றி நின்ற பதினோரு பேரும்
எண்ணெய் மினுங்கும் தோளோடு
தரையைப் பார்த்தார்கள்.
அவர்களுடைய பைகளிலும் அட்டைகள் இருந்திருக்கலாம்.

நான் சொன்னேன்.
மாத்திரையின் பெயர். என் கண்முன் இரண்டு.
அதற்குமுன் எத்தனை, தெரியாது.
நேற்றிலிருந்து ஒரு மூடித் தண்ணீர்.
அவள் பையைத் திறந்த வேகம் மாறியது.
ஹினெக் என்னைப் பார்த்தான்.
அதன்பிறகு எந்தப் போட்டிக்கும்
என்னை யாரும் கூப்பிடவில்லை.

அவசரப் பிரிவில் தலைமாட்டில் பச்சைக் கோடு.
குழாயில் சொட்டுச் சொட்டாக உப்பும் நீரும்.
இன்னும் வேகமாக விடக்கூடாதா என்றேன்.
கூடாது என்றாள் தாதி,
இதயம் அதற்கும் பயப்படும்.

நடுநிசி தாண்டிக் கண் திறந்தான்.
எத்தனையாவது என்றான்.
நான்காவது என்றேன்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.
அப்போதுதான் கண்டேன்:
காதோரம் ஒரு முத்து.
வியர்வை.
அது இறங்கிய வழியெல்லாம் என் பூச்சு கரைந்து
கழுத்தில் வெளிர்கோடாக
அவனுடைய சொந்தத் தோல்.

இருபது வருடத்தில்
என் வேலை கெட்டதற்கு
நான் சிரித்தது அன்றுதான்.

தாதி தலையணையைப் பார்த்து முகம் சுளித்தாள்.
இந்தக் கறை போகுமா?
போகாது என்றேன்.