மெரிபேங்க், ஷட்டர் ஐம்பது

அடகுக்கடைக்காரன் பெட்டியும் தரவில்லை, பில்லும் தரவில்லை.
உள்ளங்கை அளவு கேமரா, ஒரு சார்ஜர்,
உள்ளே யாரோ விட்டுப்போன டேப்.
வீட்டில் ஓட்டிப் பார்த்தேன்: ஒரு பையனின் பிறந்தநாள்.
நீலக் கேக். ஏழோ எட்டோ மெழுகுவர்த்தி.
எல்லா முகமும் சோப்பு நுரையாய் வெளுத்து.

"பொம்மை இது. இதிலே சினிமாவா?" என்றான்
கல்யாணம் எடுக்கிற சாக்ரென்.
அவனுடையதைத் தோளில் தூக்க வேண்டும்.
என்னுடையது கைப்பையில் சாவிக்கொத்தோடு கிடக்கும்.

மூன்று வாரம்.
சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவை மூடிவிட்டு வந்து
மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு.
முதலில் பிடிபட்டது: அதன் கூர்மை பொய்.
ஒவ்வொரு விளிம்பிலும் வெள்ளைக் கோடு இழுத்து வைக்கிறது,
கை நடுங்க மை தீட்டிக்கொண்டவள் மாதிரி.
கூர்மையை அடிமட்டத்துக்கு இறக்கினேன்.
அப்புறம்தான் ஊறுகாய் விற்கிறவளின் மூக்குத்தி
மூக்குத்தியாக வந்தது.

ஷட்டர் ஐம்பதில் ஒன்று. பூட்டு.
வெயில் கொட்டினால் கறுப்புக் கண்ணாடியை
என் கண்ணிலிருந்து கழற்றி அதன் கண்ணுக்குப் பிடி.
வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் திரையில்
வரிக்குதிரைக் கோடுகள் ஓடும்.
தம்பியின் பள்ளிச் சட்டை முழுக்க வரிக்குதிரை.
கொஞ்சம் இறக்கு, ஓடிப்போகும்.

முக்காலிக்குக் காசில்லை.
இரண்டு கிலோ சுகர் பீன்ஸ் பையின் மேல் உட்கார வைத்தேன்;
பீன்ஸ் குழிந்து பிடித்துக்கொண்டது.
ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைப் பிரித்துக் கறி வைக்கப் போக
வீட்டில் சண்டை.

ஒன்று மட்டும் வசப்படவில்லை.
பஸ் நிறுத்தத்தில் குபாஷ்னி, கையில் காலி சூட்கேஸ்,
ஜோகன்னஸ்பர்க் போகிறவளாக நடிக்கிறாள்.
நான் எதிரே, பந்து மைதானத்துக் கம்பி வலைக்குப் பின்னால்.
தள்ளிப் போய் ஜூமை இழுத்தால்
பின்னால் இருக்கிற தெரு கரைந்து அவள் மட்டும் நிற்பாள்,
நிற்க வேண்டும்.
கேமரா வலையைப் பார்க்கிறது.
அவளைப் பார்க்கிறது. மறுபடி வலை.
இளைப்புக்காரன் மூச்சு மாதிரி முன்னும் பின்னும்.
தானாக இயங்கும் எதற்கும் வேலிதான் பிடிக்கும் போலிருக்கிறது.
இந்த ஊருக்குக் கோடு கிழித்தவர்களும்
விடு.
ஃபோகஸைக் கைக்கு மாற்றினேன்.
வலை புகையாகிப் போனது.

செவ்வாய், ஏழு மணி. லோட் ஷெடிங்.
தெருவிளக்குகள் வரிசையாகச் செத்தன.
திரையில் எறும்பு மொய்த்தது.
"போலாம்டீ, ஒண்ணும் விழாது" என்று கத்தினாள் அங்கிருந்து.
அந்த நேரம் பார்த்து என் டேப்பும் தீர்ந்தது.
பையைத் துழாவினால் அந்தப் பிறந்தநாள் மட்டும்.

அப்போது ரிஃபைனரிப் புகைபோக்கி
வானத்துக்குக் கொழுந்து விட்டது.
மற்ற நாளென்றால் ஜன்னலைச் சாத்துவோம்,
தம்பியின் இன்ஹேலரைத் தேடுவோம்.
நான் டேப்பை மாற்றினேன்.
ஃபோகஸைத் தொடவில்லை.
அவள் கன்னத்தில் ஆரஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது.
இமைமுடிகளை எண்ணலாம்.
அந்த லைட்டுக்கு வாடகை என்னவென்று
தம்பியின் நெஞ்சைக் கேட்டால் சொல்லும்.
நாற்பத்தொரு விநாடி.
இருமல் வந்து நிறுத்தினேன்.

கரண்ட் வந்ததும் சாக்ரென் வீட்டு டிவியில் போட்டோம்.
குபாஷ்னி. சூட்கேஸின் பிடி. தீ தடவிய கழுத்து.
சட்டென்று
வெளுத்த அறை, நீலக் கேக்,
அந்தப் பையன் குனிந்து ஊதுகிறான்.

"இப்படி வெட்ட எங்கே கத்துக்கிட்டே?"
நான் வெட்டவில்லை என்றேன். நம்பவில்லை.
"திரும்பப் போடு."
மூன்று தடவை போட்டோம்.
மூன்று தடவையும் ஒரு மெழுகுவர்த்தி அணையவில்லை.