பதினொரு நொடி

அலுவலகம் அனுப்பிய குறுஞ்செய்தியில்
‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணம்’ என்றிருந்தது.
தவிர்த்திருக்கலாம்.
திங்கள் இரவு, லாசுப்பேட்டையில்,
டயர் கடைக்கு மேல் மாடியில்,
இடத்தை அடைக்கிறதென்று
ஒரு இன்டெக்ஸை நான்தான் அழித்தேன்.
‘யாராவது பயன்படுத்துறாங்களா?’ அமலோற்பவம் கேட்டாள்.
இல்லை என்றேன்.
பார்க்காமல் சொன்னேன்.

செவ்வாய் விடியல் நாலேகால்.
கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
முதல் படகு சங்கரா இறக்குகிறது.
எடைமேடையில் கூடை, திரையில் வட்டம்.
அரை நொடியில் வரும் ரசீதுக்குப்
பதினொரு நொடி.

பதினொரு நொடிதானே,
இரண்டு கொட்டாவி,
என்று தேற்றிக்கொண்டுதான் புதன்கிழமை பஸ் ஏறினேன்.

ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்
சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி.
‘என்னதான் ஆச்சு? நெட்டா?’

நெட் இல்லக்கா.
ஊர்ல எல்லாக் கதவுலயும் நம்பர் இருந்துச்சு.
ராவோட ராவா நான் அழிச்சுட்டேன்.
போஸ்ட்மேன் ஒவ்வொரு கதவாத் தட்டறார்,
ஒவ்வொரு கடுதாசிக்கும்
முதல் தெருவுலேர்ந்து.
சுத்துதேன்னு நீங்க மறுபடி அமுக்க,
ஒவ்வொரு அமுக்கலுக்கும் இன்னொரு போஸ்ட்மேன்.
தெருவே அடைச்சுப்போச்சு.

‘பாவம் அந்தாளு’ என்றாள்.
என்னைச் சொல்லவில்லை.

பிறகு அவள் கணக்கைச் சொன்னாள்:
நெல்லிக்குப்பம் வேன் அஞ்சே முக்காலுக்குப் போய்விட்டது.
அடுத்தது ஏழரை.
அவள் போய் இறங்கும்போது
வாங்குகிறவர்கள் வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.
மத்தி பாதி விலை.
மிச்சம் கோழித் தீவனத்துக்கு.

எழுதி வைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன்.
‘அது இருக்கட்டும்’ என்று
ஒரு அட்டையை நீட்டினாள்.
வட்டம் நிற்காத நேரத்தில்
சுமை தூக்கும் வேலாயுதம்
தெர்மாகோல் பெட்டி வந்த அட்டையைக் கிழித்து
பால்பாயின்ட்டில் எழுதிய அறுபத்துமூன்று ரசீது.
‘இத ஏத்து.’

நின்றுகொண்டே ஏற்றினேன்.
அட்டையில் ஒட்டிய செதில்
லேப்டாப்புக்கும் வந்தது.

நாற்பத்தேழாவது வரி.
கிழங்கான், நாலு கிலோ.
பேர் இருந்த இடத்தில்
நீலமாய்க் கொஞ்சம் தண்ணீர்.
வேலாயுதத்துக்கும் ஞாபகமில்லை.
காலியாக விட்டு அமுக்கினேன்.
‘பெயர் கட்டாயம்’, சிவப்பில்.
நான் எழுதிய விதி.
அரை நொடியில் வந்துவிட்டது.

அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள்.
‘என் பேரப் போடு.
யாராச்சும் கேட்டு வந்தா
நான் பேசிக்கிறேன்.’