சீட்டின் வால்

காதர்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே காலண்டரிங் பட்டறையின் ஆவி
படியேறி வந்து ஜன்னலில் வியர்க்கிறது.
கருணாம்பிகை பில்லை என் மேசையில் வைத்தாள்.
"நாலாயிரம் பனியன்
பாதி விலைக்குப் போயிருக்குதுங்க.
யாரு குடுத்த தள்ளுபடி?"

நான்தான்.
குடுக்கவில்லை, எடுத்துக்கொள்ள விட்டிருந்தேன்.
வருகிறவர் பிரவுசரில் ஒரு குக்கி,
அதில் பெயர், ஊர், தள்ளுபடி ஐந்து.
திரும்ப வரும்போது அதையே வாங்கிப் படித்துச்
சரிங்க என்று தலையாட்டும் என் சர்வர்.
காங்கேயம் ரோட்டு எடைமேடையில்
சீட்டைப் பென்சிலால் எழுதி
லாரிக்காரர் சட்டைப் பையிலேயே போட்டனுப்பி
அவர் நீட்டிய எடைக்குப் பணம் எண்ணின மாதிரி.

ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு சைபர்.
அவ்வளவுதான்.
பூட்டை உடைக்கவில்லை,
பூட்டே இல்லை.
கோபம் வரவில்லை எனக்கு.
அந்தச் சைபர் போட்ட விரலைக் கொஞ்சம் மெச்சினேன்,
காபி ஆறுவதற்குள் வெட்கம் வந்துவிட்டது.

ராத்திரி ஒரு ரகசியச் சாவி உண்டாக்கினேன்.
முப்பத்திரண்டு பைட்.
மகள் பிறந்தநாள் இல்லை,
குலதெய்வத்தின் பெயர் இல்லை,
அர்த்தம் எதுவும் ஒட்டாத வெறும் தற்செயல்.
குக்கியின் எழுத்து ஒவ்வொன்றையும்
அதோடு சேர்த்து அரைத்து
வந்ததை ஒரு புள்ளிக்குப் பின்னால்
வாலாக ஒட்டினேன்.

எதையும் மறைக்கவில்லை.
சிவன்மலைக் கண்ணாடிப் பெட்டி போல
வருகிறவர் போகிறவர் பார்க்கலாம்,
ஐந்து ஐந்தாகவே இருக்கிறது.
தொட்டால் மட்டும்
உடம்பு ஒன்று சொல்லும், வால் வேறு சொல்லும்.

சரிபார்க்கும் இடத்துக்கும் ஒரு புத்தி சொன்னேன்:
முதலெழுத்து பொருந்தவில்லை என்றதும்
பட்டென்று மறுத்துவிடாதே.
கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துவிட்டு
ஒரே நிதானத்தில் இல்லை என்று சொல்.
எவ்வளவு சீக்கிரம் முகம் சுளிக்கிறாய் என்று அளந்தே
எழுத்தெழுத்தாய்த் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காலையில் போன். வெள்ளகோவில் பார்ட்டி.
"ஏனுங்க, உங்க சைட்டு
என்னைய உள்ள விட மாட்டேங்குதுங்க."
"பழைய சீட்டு செல்லாதுங்க.
மறுபடி லாகின் பண்ணிக்குங்க."
"எல்லாருக்குமுங்களா?"
"எல்லாருக்குந்தானுங்க."

அவர் பக்கம் தறி ஓடியது.
என் பக்கம் ஆவி சீறியது.

"இப்ப எவ்வளவுங்க காட்டுது?"
"அஞ்சுங்க."
"அதுதானுங்களே உங்களுக்கு?"
"அதுதானுங்க."
இரண்டு 'ங்க'வுக்கும் நடுவில்
நாலாயிரம் பனியன் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

போனை வைத்ததும் கருணாம்பிகை கேட்டாள்:
"அந்தச் சாவிய எங்க வெச்சிருக்கீங்க?"

புரோகிராமுக்குள்ளேயேதான்,
பன்னிரண்டாம் வரியில்.
அந்தப் புரோகிராம்
நாலு பேர் லேப்டாப்பில் இருக்கிறது,
வேலையை விட்டுப்போன பிரதாபன் லேப்டாப்பையும் சேர்த்து.

பதில் சொல்லவில்லை.
மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்தேன்.